பதிவேடு சொல்வதும் எந்திரம் செய்வதும்

ஒரு குபெர்னெட்டீஸ் கிளஸ்டரோடு இணைந்து ‘க்யூப்சிடிஎல் கெட் ஆல்’ என்று அடித்தால் எல்லாம் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. பாட், சர்வீஸ், டிப்ளாய்மென்ட், ரெப்ளிகாசெட், ஜாப் என்று ஓடுகிறவையும் ஓட்டுகிறவையும் மட்டும் வரிசைகட்டும். அந்தப் பாட்கள் எந்த டேட்டாபேஸோடு பேச வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு இணைப்பைத் துண்டிக்க வேண்டும், கடவுச்சொல் என்ன என்பதையெல்லாம் தாங்கியிருக்கும் கான்ஃபிக்மேப்பும் சீக்ரெட்டும் பட்டியலில் தலைகாட்டாது. ‘ஆல்’ என்பது இந்த மென்பொருளை எழுதியவர்கள் முன்கூட்டியே வகுத்துவைத்த ஒரு வகைப்பெயர். அதில் சேராதவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். புதிதாக வருபவர்கள் ஒருமுறை ஏமாந்து, தெரிந்துகொண்டு, கடந்துபோகும் விஷயம் இது. ஆனால் சங்கதி அதோடு முடிவதில்லை. பெயர் சொல்லிக் கேட்டு, கான்ஃபிக்மேப் முழுதாகத் திரையில் வந்த பிறகும், நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு பதிவேட்டில் எழுதியுள்ள வரி மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் அந்த வரியைப் படித்ததா, படித்தபடி நடக்கிறதா என்பதைப் பதிவேடு சொல்லாது. சொல்லும்படி அது அமைக்கப்படவும் இல்லை. கிளஸ்டரின் மற்றப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத இந்தக் குறை அமைப்பு விவரங்களுக்கு எப்படி வந்தது, அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது எப்படி என்பதே இங்கே பேச்சு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு நிரலையும் அது ஓடத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டி, லினக்ஸ் எந்திரங்களில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஓடவிடுவது கன்டெய்னர். நூற்றுக்கணக்கான எந்திரங்களில் ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களைப் பரப்பி, விழுந்ததை எழுப்பி, தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது குபெர்னெட்டீஸ்; ஒன்றோ சிலவோ கன்டெய்னர்கள் சேர்ந்து ஓடும் அலகை அது பாட் என்கிறது. கூகுள் தன் உள்வேலைக்கு வைத்திருந்த ‘போர்க்’ என்ற ஏற்பாட்டில் கற்றதைக் கொண்டு 2014 ஜூனில் இதைத் திறமூலமாக வெளியிட்டது. 2015 ஜூலையில் 1.0 பதிப்பு வந்தது. இதன் நடுவில் இருப்பது எட்சிடி என்ற டேட்டாபேஸ்; பதிவேடு என்று சொல்வது இதைத்தான். அதற்கு வாசல் ஏபிஐ சர்வர். பொறியாளர் பேசுவதும் கிளஸ்டரின் மற்ற உறுப்புகள் பேசுவதும் அந்த ஒரே வாசலில்தான். க்யூப்சிடிஎல் என்ற கட்டளை பெரிய மாயவித்தை எதுவும் செய்வதில்லை. கட்டளையின் கடைசியில் ‘மைனஸ் வி’ சேர்த்து எட்டு என்று கொடுத்துப் பார்த்தால், அது அனுப்புகிற ஹெச்டிடிபி கோரிக்கையும் திரும்பி வருகிற ஜேசனும் திரையில் கொட்டும். கான்ஃபிக்மேப்பைக் கேட்டால் ஏபிஐ சர்வர் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவே. கன்டெய்னர் எந்த எந்திரத்தில் ஓடுகிறதோ அந்த எந்திரத்தை அந்தக் கோரிக்கை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இதைத் தென்காசியை வைத்துப் பேசக் காரணம் இருக்கிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011இல் அலுவலகம் திறந்தது. ஜோஹோ டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் அங்கே உருவானது. அந்த நிறுவனத்தின் இந்திய டேட்டா சென்டர்கள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கின்றன. மலையடிவாரத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு சர்வர் எவ்வளவு தூரமோ, சென்னைப் புறநகர்க் கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவருக்கும் நடைமுறையில் அதே தூரம்தான்: இரண்டு பேருமே எந்திர அறைக்குள் காலெடுத்து வைக்கப்போவதில்லை, இரண்டு பேருக்கும் ஒரு டெர்மினலும் ஒரு இணைப்பும்தான் கண். கிராமத்திலிருந்து உலகத்துக்கான மென்பொருள் என்று பெருமையாகப் பேசப்படும் விஷயத்தின் தொழில்நுட்ப அடிப்படை இதுதான். பொருளைத் தொட்டுப் பார்க்கிற வேலை, பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கிற வேலையாக மாறியதால் இடம் ஒரு பொருட்டில்லாமல் போனது. ஆகவே கேட்டுப் பார்ப்பதில் எது தெரியும், எது தெரியாது என்பது இங்கே வேலை செய்கிறவருக்கு வெறும் தத்துவ விசாரம் இல்லை.

இன்னொரு தொடர்பும் உண்டு. எனக்கு அது இன்னும் சுவையானது. ஜோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்த வேலை நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள். அந்தத் துறையின் பொதுமொழி எஸ்என்எம்பி, 1988இல் வரையறுக்கப்பட்டது. அதிலும் ‘கெட்’ என்றொரு கோரிக்கைதான் அடிப்படை: தொலைவில் இருக்கும் ரவுட்டரிடம் ஒரு மதிப்பைக் கேட்டு வாங்குவது. என்னென்ன கேட்கலாம் என்று 1991இல் வந்த எம்ஐபி-2 என்ற அட்டவணை பட்டியலிட்டது. அதில் ஒரு நெட்வொர்க் இணைப்புக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று ‘அட்மின் ஸ்டேட்டஸ்’: இந்த இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நிர்வாகி விரும்புகிறார் என்பது. மற்றது ‘ஆப்பர் ஸ்டேட்டஸ்’: இப்போது உண்மையில் எப்படி இருக்கிறது என்பது. கேபிளைப் பிடுங்கிவிட்டால் முதல் கட்டத்தில் ‘அப்’ என்றே இருக்கும், இரண்டாவதில் ‘டவுன்’ என்று மாறும். கோளாறு எங்கே என்று தேடுகிற வேலை இந்த இரண்டு கட்டங்களுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் தொடங்கும். விருப்பத்தையும் நிலவரத்தையும் ஒரே கட்டத்தில் எழுதினால் இரண்டும் பாழ் என்பதை அந்தத் துறை அப்போதே புரிந்துவைத்திருந்தது.

குபெர்னெட்டீஸிலும் இதே பிரிவினை இருக்கிறது. பாட்டின் பிரதிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டிப்ளாய்மென்ட்டை யாமல் என்ற எழுத்து வடிவில் கேட்டு வாங்கினால் ‘ஸ்பெக்’ என்று ஒரு பகுதி, ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு பகுதி. ஸ்பெக்கில் ஐந்து பிரதிகள் வேண்டும் என்று எழுதியிருக்கும். ஸ்டேட்டஸில் மூன்று தயார் என்று இருக்கும். இன்னும் நுணுக்கமாக ஒன்று உண்டு. ஸ்பெக் மாறும்போதெல்லாம் ‘ஜெனரேஷன்’ என்ற எண் ஒன்று கூடும். விருப்பத்தை நிறைவேற்றும் உறுப்பான கன்ட்ரோலர், அந்த மாற்றத்தைக் கவனித்துவிட்டால், தான் எந்த எண் வரை பார்த்தேன் என்பதை ஸ்டேட்டஸுக்குள் ‘அப்சர்வ்டு ஜெனரேஷன்’ என்று எழுதிவைக்கும். முதலாவது ஏழாகவும் இரண்டாவது ஆறாகவும் இருந்தால், கீழே உள்ள நிலவரம் பழைய விருப்பத்துக்கானது, புதியதை இன்னும் யாரும் கையில் எடுக்கவில்லை என்று பொருள். பதிவேடே தன் பழமையை ஒத்துக்கொள்ள ஒரு கட்டம் வைத்திருப்பது நல்ல பொறியியல். ஸ்டேட்டஸும் யாரோ ஒருவரின் வாக்குமூலம்தான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓர் எந்திரம் திடீரென நெட்வொர்க்கிலிருந்து அறுந்துபோனால், அதிலிருந்து செய்தி வரவில்லை என்று கிளஸ்டர் முடிவுகட்ட ஏறத்தாழ முக்கால் நிமிடம் ஆகும். அதன்மேல் இருந்த பாட்களை வெளியேற்றத் தொடங்க இயல்பான அமைப்பில் மேலும் ஐந்து நிமிடம். அதுவரை ‘கெட் பாட்ஸ்’ என்று கேட்டால் அந்தப் பாட்களுக்கு நேரே ‘ரன்னிங்’ என்றே வரும். ஓடிக்கொண்டிருக்கலாம், எந்திரமே அணைந்தும் போயிருக்கலாம். கடைசியாகச் சொன்னவரின் சொல் மட்டும் பதிவேட்டில் நிற்கிறது.

குற்றாலத்தில் சீசன் நாட்களில் நடப்பதை வைத்து இதைப் பார்க்கலாம். மேலே மலையில் மழை கொட்டுகிறது. கீழே பேரருவியில் குளிக்கத் தடை என்று அறிவிக்கிறார்கள். தென்காசியில் இருந்துகொண்டு “அருவியில குளிக்க விடுறாங்களா?” என்று விசாரிக்கிறவருக்குக் கிடைக்கும் பதில் மூன்று விதமாக இருக்கும். தடை இருக்கிறது என்பது அதிகாரிகளின் உத்தரவு. தண்ணீர் அருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது என்பது அங்கே நின்று பார்த்தவர் அரைமணி முன்பு சொன்னது. இப்போது தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்பது பாறைமேல் மட்டுமே இருக்கிற உண்மை. மலைமேல் பெய்த மழை கீழே இறங்க ஆகும் நேரமும் அதில் கலந்திருக்கிறது. உத்தரவு, அறிக்கை, நீர் ஆகிய மூன்றும் ஒத்துப்போகும் நாட்கள்தான் அதிகம் என்பதால் மூன்றும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். ஒத்துப்போகாத நாளில்தான் வித்தியாசம் தெரியும். டிப்ளாய்மென்ட்டில் முதல் இரண்டும் நமக்குக் கிடைக்கின்றன. கான்ஃபிக்மேப்பில் கிடைப்பது உத்தரவு ஒன்றுதான்.

காரணம், கான்ஃபிக்மேப்புக்கு ஸ்டேட்டஸ் என்ற பகுதியே கிடையாது. ஸ்பெக்கும் கிடையாது. ‘டேட்டா’ என்று ஒரு பகுதி, அதற்குள் பெயரும் மதிப்புமாக வரிகள். மொத்தமாக ஒரு மெபிபைட்டுக்கு மிகாமல் என்று ஒரு வரம்பு. சீக்ரெட்டும் ஏறக்குறைய இதே வடிவம். இவற்றைக் கவனித்துக்கொண்டு, நிறைவேற்றிவிட்டேன் என்று திரும்ப எழுதுகிற கன்ட்ரோலர் எதுவும் இல்லை. யார் படித்தார்கள், எப்போது படித்தார்கள், எந்தப் பதிப்பைப் படித்தார்கள் என்பதற்கு அந்தப் பக்கத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை. எனவே ‘கெட் கான்ஃபிக்மேப்’ என்று அடித்து, யாமலில் டைம்அவுட் முப்பது நொடி என்று பார்த்துவிட்டு, சேவை முப்பது நொடிதான் காத்திருக்கிறது என்று முடிவுகட்டுவது தர்க்கப்படி தவறான தாவல். முப்பது என்று எழுதியிருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். கோளாறு நடந்த இரவில் இந்தத் தாவலைத்தான் எல்லோரும் செய்கிறோம், ஏனென்றால் திரையில் வரும் யாமல் டிப்ளாய்மென்ட்டினுடையதைப் போலவே தெளிவாகவும் அதிகாரமாகவும் தோற்றமளிக்கிறது.

எழுதியதற்கும் ஓடுவதற்கும் நடுவில் எத்தனை படிகள் என்று பார்த்தால் தாவலின் நீளம் தெரியும். கான்ஃபிக்மேப்பின் மதிப்பைப் பாட்டுக்குள் கொண்டுபோக வழக்கமான வழி இரண்டு. முதல் வழி, சூழல் மாறியாகக் கொடுப்பது. லினக்ஸில் ஒரு புரோசஸ் தொடங்கும் கணத்தில் அதன் சூழல் மாறிகள் பிரதியெடுத்து அதன் நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. அதன்பின் வெளியிலிருந்து அதை மாற்றச் சாதாரண வழி எதுவும் இல்லை. ஆகவே கான்ஃபிக்மேப்பைத் திருத்தினாலும் ஓடுகிற பாட்டில் பழைய மதிப்பே இருக்கும், பாட் மறுபடி தொடங்கும் வரை, அது ஆறு மாதம் ஆனாலும். இரண்டாவது வழி, கோப்பாக மவுண்ட் செய்வது. இதில் அந்தந்த எந்திரத்தில் இருக்கும் க்யூப்லெட் மாற்றத்தைக் கவனித்துக் கோப்பைப் புதுப்பிக்கும். ஒரு நிமிடமோ அதற்குச் சற்று மேலோ ஆகலாம். ஆனால் ஒரு தனிக் கோப்பை மட்டும் ‘சப்பாத்’ என்ற முறையில் மவுண்ட் செய்திருந்தால் புதுப்பிப்பு வரவே வராது. கோப்பு புதிதாகிவிட்டாலும் கதை முடிவதில்லை. என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர்கள் தொடங்கும்போது ஒருமுறை அமைப்புக் கோப்பைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். மறுபடி படி என்று சிக்னல் கொடுக்காதவரை கோப்பில் என்ன மாறினாலும் அதற்குத் தெரியாது. ஆக எட்சிடியில் ஒரு மதிப்பு, எந்திரத்தின் கோப்பில் ஒரு மதிப்பு, புரோசஸின் நினைவில் ஒரு மதிப்பு என மூன்று வெவ்வேறு மதிப்புகள் ஒரே நேரத்தில் இருப்பது சாத்தியம். பத்துப் பிரதிகள் ஓடினால், நேற்றுத் தொடங்கியதும் இன்று காலை தொடங்கியதும் வேறு வேறு மதிப்போடு வேலை செய்யலாம். வாடிக்கையாளர் ஒருமுறை கேட்டால் சரியாக வருகிறது, மறுமுறை கேட்டால் தவறாக வருகிறது என்ற மர்மக் கோளாறுகளில் கணிசமானவை இப்படிப் பிறப்பவை.

கோப்பு மவுண்ட்டை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். பாட்டுக்குள் ‘எக்ஸெக்’ மூலம் நுழைந்து, கான்ஃபிக்மேப் மவுண்ட் ஆகியிருக்கும் டைரக்டரியில் மறைந்த கோப்புகளையும் சேர்த்துப் பட்டியலிட்டால் கண்ணில் படுவது நாம் எதிர்பார்க்கும் எளிய கோப்பாக இருக்காது. அமைப்புக் கோப்பின் பெயருக்கு நேரே ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு பாதையைச் சுட்டும் குறி. அது, பெயர் இரண்டு புள்ளியில் தொடங்கும் ‘டேட்டா’ என்ற இன்னொரு சிம்லிங்க்கைக் காட்டும். அது மறுபடி இரண்டு புள்ளியில் தொடங்கி ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று நீளும் பெயர் கொண்ட ஒரு டைரக்டரியைக் காட்டும். க்யூப்லெட் புதிய மதிப்புகளை முதலில் ஒரு புது டைரக்டரியில் முழுதாக எழுதிவிட்டு, பிறகு நடுவில் உள்ள சிம்லிங்க்கை ஒரே அசைவில் அதன் பக்கம் திருப்பிவிடுகிறது. பாதி பழையது, பாதி புதியது என்ற நிலை எந்தக் கணத்திலும் வராமல் இருக்க இந்த ஏற்பாடு. சப்பாத் ஏன் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிடும்: அங்கே மவுண்ட் ஆகியிருப்பது பழைய டைரக்டரிக்குள் இருந்த அந்தக் கோப்பே, திருப்பப்படுகிற சிம்லிங்க் அந்த வழியில் இல்லை. அந்த நீண்ட பெயர்தான் இங்கே நமக்கு வேண்டிய சான்று. இந்த எந்திரத்தில் இந்தக் கோப்பு எப்போது மாறியது என்று ஏபிஐ சர்வரைக் கேட்காமலே அது சொல்கிறது. புரோசஸ் தொடங்கிய நேரத்தை அதன் பக்கத்தில் வைத்தால், கோப்பு மாறியது முந்தியா, நிரல் தொடங்கியது முந்தியா என்பது தெரிந்துவிடும். தொடங்கும்போது மட்டும் படிக்கிற நிரலாக இருந்தால் அந்த ஒரு ஒப்பீடே கேள்வியைத் தீர்த்துவிடும்.

பதிவேட்டையே எடுத்துக்கொண்டாலும், ஒவ்வொரு கட்டளையும் அதன் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. ‘டிஸ்கிரைப்’ என்று கேட்டால் வருவது எங்கேயும் சேமித்திருக்கும் ஆவணம் இல்லை. க்யூப்சிடிஎல் பல இடங்களில் கேட்டுக் கோத்துக் கொடுக்கும் தொகுப்பு. அதன் கடைசியில் வரும் ‘ஈவென்ட்ஸ்’ இயல்பான அமைப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. நேற்று இரவு என்ன நடந்தது என்று காலையில் தேடினால் எதுவும் நடக்கவில்லை என்ற தோற்றமே கிடைக்கும். ‘அப்ளை’ கட்டளை வழக்கமான முறையில் வேலை செய்யும்போது, கடைசியாக அனுப்பிய கோப்பின் உள்ளடக்கத்தைப் பொருளின் குறிப்புப் பகுதியிலேயே பத்திரப்படுத்துகிறது. அதையும் உயிரோடிருக்கும் மதிப்பையும் ஒப்பிட்டால், இடையில் யாராவது நேரடியாகக் கைவைத்தார்களா என்று பிடித்துவிடலாம். எந்த வரியை எந்தக் கருவி கடைசியாக எழுதியது என்ற கணக்கும் ‘மேனேஜ்டு ஃபீல்ட்ஸ்’ என்ற பகுதியில் இருக்கிறது. படிக்க அலுப்பூட்டுவதால் 1.21 பதிப்பிலிருந்து க்யூப்சிடிஎல் அதை மறைத்துவிடுகிறது, கேட்டால் காட்டும். ‘கான்ஃபிக் வியூ’ என்ற கட்டளையின் பெயரோ ஆளை ஏமாற்றும். அது கிளஸ்டரின் அமைப்பைக் காட்டுவதே இல்லை; நம் சொந்தக் கணினியில் உள்ள, எந்த கிளஸ்டரோடு யாராகப் பேசுகிறோம் என்ற கோப்பைக் காட்டுகிறது. ஆனாலும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அதைத்தான். சோதனைக் கிளஸ்டர் என்று நினைத்து வாடிக்கையாளர் கிளஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால், மேலே சொன்ன நுணுக்கம் எதற்கும் பயனில்லை.

சீக்ரெட்டில் பார்ப்பதே ஓர் அதிகாரமாகிவிடுகிறது. டிஸ்கிரைப் செய்தால் அதன் மதிப்புகள் வராது, எத்தனை பைட் என்று மட்டும் வரும். யாமலாகக் கேட்டால் பேஸ்64 குறியீட்டில் முழுதும் வந்துவிடும். அது பூட்டும் இல்லை, சாவியும் இல்லை; யாரும் ஒரே கட்டளையில் பழைய எழுத்துக்குத் திருப்பிவிடலாம். தனியே ஏற்பாடு செய்யாவிட்டால் எட்சிடிக்குள்ளும் அது மறைகுறியாக்கம் இல்லாமலே கிடக்கிறது. அதனால்தான் குபெர்னெட்டீஸ் தரும் ‘வியூ’ என்ற பொறுப்பில், பெயர் அப்படி இருந்தும், சீக்ரெட்டைப் பார்க்க அனுமதி சேர்க்கப்படவில்லை: அதைப் பார்த்தவர் அதிலிருக்கும் சான்றுகளைக் கொண்டு வேறொருவராக நின்று செயல்பட முடியும். சீக்ரெட்டை அப்ளை மூலம் அனுப்பியிருந்தால், முன்பத்தியில் சொன்ன குறிப்புப் பகுதியிலும் அதே ரகசியம் இன்னொரு பிரதியாக உட்கார்ந்திருக்கும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

இவ்வளவு எதற்கு, உண்மை கிட் என்ற பதிப்பு வரலாற்றுக் கருவியில் இருக்கிறது, கிளஸ்டரை ஏன் பார்க்க வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கும். அமைப்பு முழுவதையும் கிட்டில் வைத்து, ஒரு கருவி அதைக் கிளஸ்டரோடு ஓயாமல் ஒப்பிட்டுச் சரிசெய்துகொண்டிருக்கும் கிட்ஆப்ஸ் முறையை வைத்திருப்பவர்கள் அவர்கள். அந்த முறை நல்லதே. யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்ற வரலாறு கிடைக்கிறது, நேரடிக் கைவைப்பு குறைகிறது. ஆனால் அந்தக் கருவி ஒப்பிடுவது கிட்டில் எழுதியதையும் எட்சிடியில் எழுதியதையும். இரண்டும் விருப்பங்கள். அவை ஒன்றாக இருக்கின்றன என்று பச்சை விளக்கு எரிந்தால், நம் விருப்பம் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். பழைய சூழல் மாறியோடு ஓடும் பாட் அந்தப் பச்சை விளக்கின் கீழேயே ஓடிக்கொண்டிருக்கும். கிட்ஆப்ஸ் உத்தரவை ஒழுங்குபடுத்துகிறது. அறிக்கை இல்லாத இடத்தில் அறிக்கையை உண்டாக்குவதில்லை.

வேறொரு தரப்பு, கட்டளைவரியே பழங்காலம், வண்ணத்திரையில் எல்லாம் தெரியும்போது எழுத்தை ஏன் மேய வேண்டும் என்று கேட்கும். ஜோஹோவின் சைட்24x7, மேனேஜ்எஞ்சின் போன்றவையே கிளஸ்டர் கண்காணிப்பைத் திரையில் தருகின்றன. ஆயிரம் பாட்களின் மெமரிப் போக்கை நாள் முழுக்கத் தொடர்வதற்கு வரைபடம்தான் சரி; க்யூப்சிடிஎல்லில் அந்த வேலையைச் செய்பவரைப் பார்த்துப் பரிதாபப்படலாம். ஆனால் அமைப்பு விவரம் என்று வரும்போது திரையும் அதே ஏபிஐ சர்வரிடம்தான் கேட்கிறது. பதிவேட்டில் இல்லாத கட்டத்தைத் திரை வரைந்து காட்ட முடியாது. தவிரவும், திரையில் இந்தச் சொல் ஸ்பெக்கிலிருந்து வந்ததா, ஸ்டேட்டஸிலிருந்து வந்ததா, எத்தனை நொடி பழையது என்பது அழகான பெட்டிக்குள் மறைந்துபோகும். கட்டளைவரியின் பலம் அதன் வறட்சியில் இருக்கிறது: யாமலில் ஒவ்வொரு மதிப்பும் தன் இடத்தோடு சேர்ந்தே வருகிறது. அந்த இடத்தை வைத்து இது யாருடைய சொல் என்று கண்டுபிடிக்கலாம்.

மூன்றாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. சந்தேகம் வந்தால் பாட்களை மறுபடி தொடங்கிவிட்டால் போயிற்று, ‘ரோல்அவுட் ரீஸ்டார்ட்’ என்று ஒரே கட்டளை, எதற்கு ஆராய்ச்சி? வேலைக்கு ஆகும் பதில்தான். ஆனால் மறுபடி தொடங்கியதும் கோளாறு மறைந்தால், அது பழைய அமைப்பால் வந்ததா, நிரம்பிவழிந்த நினைவகத்தால் வந்ததா என்பதற்கான சான்றும் சேர்ந்தே மறைகிறது. இதைவிடச் சுத்தமான வழிகள் உண்டு. கான்ஃபிக்மேப்பை மாற்றவே முடியாததாக அறிவிக்கும் வசதி 1.21இல் நிலைபெற்றது. கஸ்டமைஸ் என்ற கருவி உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு ஹாஷைக் கான்ஃபிக்மேப்பின் பெயரோடு ஒட்டிவிடும். உள்ளடக்கம் மாறினால் பெயர் மாறும், பெயர் மாறினால் டிப்ளாய்மென்ட்டின் ஸ்பெக் மாறும், அது மாறினால் புதிய பாட்கள் வரும். இந்தச் சின்னத் தந்திரத்தின் அழகைக் கொஞ்சம் நின்று ரசிக்கலாம். ஸ்டேட்டஸ் இல்லாத ஒரு பொருளின் அடையாளத்தை, ஸ்டேட்டஸ் உள்ள ஒரு பொருளின் விருப்பத்துக்குள் எழுதிவிடுகிறார்கள். ஊமைப் பொருளுக்காக டிப்ளாய்மென்ட் பேசுகிறது: அத்தனை பிரதிகளும் புதிய பெயருக்கு மாறிவிட்டன என்று அதன் ஸ்டேட்டஸ் சொன்னால், எல்லாப் பாட்களும் புதிய அமைப்போடு தொடங்கின என்று இப்போது நியாயமாகச் சொல்லலாம். தொடங்கின என்பதுவரைதான். அதை நிரல் சரியாகப் புரிந்துகொண்டதா, எழுத்துப்பிழை இருந்த ஒரு வரியைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டுத் தன் சொந்த இயல்பு மதிப்பை எடுத்துக்கொண்டதா என்பது இன்னும் தெரியாது.

அப்படியானால் கான்ஃபிக்மேப்புக்கும் ஒரு ஸ்டேட்டஸ் பகுதியைச் சேர்த்துவிட்டால் என்ன? பயன்படுத்தும் ஒவ்வொரு பாட்டும் அதில் வந்து எழுத வேண்டியிருக்கும். ஒரே கான்ஃபிக்மேப்பை ஆயிரம் பாட்கள் படிக்கும் இடத்தில், ஒரு திருத்தத்துக்கு ஆயிரம் எழுத்து எட்சிடியில் விழும். அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு க்யூப்லெட்டுக்கும் அந்த ஆயிரமும் போய்ச் சேரும். அதைவிட முக்கியமாக, அப்படி எழுதக்கூடியது க்யூப்லெட் மட்டுமே. கோப்பை வைத்துவிட்டேன் என்று அது சொல்லலாம். நிரல் படித்தது என்று அதனால் சொல்ல முடியாது. நினைவகத்தில் என்ன இருக்கிறது என்பது நிரலுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. எனவே கான்ஃபிக்மேப்பை ஊமையாக விட்டது சோம்பலால் வந்த குறை என்று நான் கருதவில்லை. யாருக்குத் தெரியுமோ அவரே சொல்லட்டும் என்று பொறுப்பை நிரலின் பக்கம் தள்ளிய முடிவு அது. தள்ளியதைப் பல நிரல்கள் கையில் வாங்கிக்கொள்ளவே இல்லை என்பதுதான் சிக்கல்.

வாங்கிக்கொண்டவையும் இருக்கின்றன. புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள், தன் அமைப்பைக் கடைசியாக மறுபடி படித்த முயற்சி வெற்றியா தோல்வியா, கடைசியாக வெற்றிகரமாகப் படித்தது எந்த நேரம் என்ற இரண்டையும் எண்களாக வெளியிடுகிறது. அதன் கூட்டாளியான அலர்ட்மேனேஜர், தான் இப்போது வைத்திருக்கும் அமைப்பின் ஹாஷையே வெளியிடுகிறது; மூன்று பிரதிகள் ஓடினால் மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்து, எது பின்தங்கியிருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். எம்ஐபி-2வின் இரண்டாவது கட்டம் செய்த அதே வேலை: இணைப்பு தன் நிலவரத்தைத் தானே சொன்னது போல, நிரல் தன் நினைவில் இருப்பதைத் தானே சொல்கிறது. இதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. அமைப்பைப் படித்து முடிக்கும் இடத்தில் ஹாஷைக் கணக்கிட்டு ஒரு முகவரியில் வெளியிடச் சில வரி நிரல். நெட்வொர்க் மேலாண்மையில் பிழைப்பைத் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பக்கத்திலேயே மென்பொருள் படிக்க வரும் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பிள்ளைகளுக்கு, க்யூப்சிடிஎல்லில் கான்ஃபிக்மேப்பைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் அதே பாடத்தில் இந்தச் சில வரிகளை எழுதவும் கற்றுக்கொடுக்கலாம். பிறகு கோளாறு நேரத்தில் டெர்மினலில் இரண்டு கேள்விகள் போதும்: ஒன்று ஏபிஐ சர்வரிடம், என்ன எழுதியிருக்கிறது என்று, இன்னொன்று பாட்டிடமே, எதைப் படித்தாய் என்று.